பித்தக் கல்லும் எல்லைக் கல்லும்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே காணி வாங்கச் செல்லும் அனுபவசாலி எவரும் வேலியைப் பார்த்து விலை பேசுவதில்லை. கதியால் வேலி காலத்துக்குக் காலம் அடைக்கப்படுவது. ஓலை மாற்றும்போதும் புதுக் கதியால் ஊன்றும்போதும் அது அரை முழம் இப்பாலோ அப்பாலோ அரக்கப்படுவதும் உண்டு. வேலி காரணமாக வழக்காடிய குடும்பங்களின் கதையை அறியாத ஊர் அங்கே இல்லை. ஆதலால் அவர் உறுதியைக் கையில் எடுத்துக்கொண்டு, மண்ணுள் புதைந்து கிடக்கும் எல்லைக் கல்லைத் தேடுவார். கல் அகப்பட்ட பின்னரே அளவு தொடங்கும். கல் அகப்படாவிடின் அன்றைய அளவை நிறுத்தி வைப்பதே நியாயமானவர்களின் வழக்கம்.

மனித உடலினுள்ளும் இவ்வாறு அரக்கத்தக்க வேலிகளும் அசையாத கற்களும் உள்ளன. அவற்றுள் எது வேலி, எது கல் என்று பிரித்தறிவதிலேயே ஒரு சத்திரசிகிச்சையின் நன்மையும் தீமையும் அடங்கியிருக்கின்றன. இன்றைய பேச்சுக்குப் பொருளாகிய சாவித்துவாரப் பித்தப்பைச் சத்திரசிகிச்சை அத்தகையது.

கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியாகத் தெற்கே சென்று, தெஹிவளையில் உட்புறமாகத் திரும்பினால் களுபோவில வரும். கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை அங்கே அமைந்துள்ளது. மக்கள் வாயில் அதற்குக் களுபோவில ஆஸ்பத்திரி என்பதே பெயர். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர்கள் பயிலும் இடமும் அதுவே. வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அது அயலிலுள்ள பெரிய அரசாங்க வைத்தியசாலை. வலது விலாவின் கீழ் நோவு என்று இத்தகைய வைத்தியசாலைகளின் கிளினிக்குகளுக்குச் சென்று, ஸ்கான் படத்தில் பித்தக் கல் இருப்பதாக அறிந்து, "சின்னத் துவாரம் போட்டு எடுத்துவிடலாம்" என்ற சொல்லைக் கேட்டு ஆறுதலடைவோர் பலர். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வீட்டுக்குத் திரும்பி, ஒரு வாரத்துள் அடுப்படி வேலையைத் தொடங்கும் தாய்மாரும் பலர். இவ்வளவு எளிதாகத் தோன்றும் இச்சிகிச்சையினுள்ளே மறைந்திருக்கும் ஆபத்து யாது? அதனைத் தவிர்க்க வைத்தியர் எதைத் தேடுகிறார்? நோயாளரும் உறவினரும் எதை விளங்கிக்கொள்ள வேண்டும்? இவை வீட்டிலுள்ளோர் யாவரும் அறிந்திருக்க வேண்டிய செய்திகள்.

பித்தம் ஈரலிலே சுரக்கிறது. வளர்ந்த ஒருவரின் ஈரல் நாளொன்றுக்கு அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை பித்தத்தைச் சுரக்கும். கொழுப்பு உணவு செரிப்பதற்கு அது வேண்டும். ஈரலின் வலது பாகத்திலிருந்தும் இடது பாகத்திலிருந்தும் வரும் இரண்டு குழாய்கள் ஒன்றுகூடிப் பொதுக் குழாயாகி, முன்சிறுகுடலிலே சென்று திறக்கின்றன. இக்குழாய்க்குப் பித்தக்கான் என்று நமது பாடநூல்கள் பெயரிட்டுள்ளன. தெருவோரத்தில் நீரோடும் வாய்க்காலைக் கான் என்று அழைக்கும் இலங்கைத் தமிழர்க்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. இப்பெருங்கானிலிருந்து ஒரு சிறுகான் பிரிந்து, ஈரலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு பைக்குச் செல்கிறது. அதுவே பித்தப்பை. ஏழு முதல் பத்துச் சதமமீற்றர் நீளமுள்ள அப்பை பித்தத்தைச் சேமித்துச் செறிவாக்கி, உணவு வரும் வேளையில் அதனைக் குடலுக்கு அனுப்புகிறது.

பை சேமிப்பிடம் மாத்திரமே. அது நீக்கப்பட்டாலும் பித்தம் ஈரலிலிருந்து நேரே குடலுக்குச் செல்லும். மனிதர் நலமாக வாழலாம். பெருங்கானின் நிலைமையோ வேறு. அது அறுபட்டால் ஈரலின் பித்தம் முழுவதும் வழி தெரியாது வயிற்றினுள் கசியும்; அல்லது தேங்கிச் செங்கண்மாரியாக உடலெங்கும் பரவும். பெருங்கானின் அகலம் சாதாரணமாக ஆறு மில்லிமீற்றர் அளவே. சிறுகான் அதனினும் ஒடுங்கியது. இரண்டும் அருகருகே, கொழுப்பும் சவ்வும் போர்த்த நிலையில், ஒரே நிறமாய்க் கிடக்கின்றன. ஒன்றை அறுக்க வேண்டும்; மற்றொன்றைத் தொடவும் கூடாது. சத்திரசிகிச்சையின் சிக்கல் முழுவதும் இதுதான்.

உடலின் உறுப்பமைப்பைத் தமிழில் விளக்குதல் புதிய முயற்சியன்று. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். அவரது முயற்சியால் 1867இல் 'இரண வைத்தியம்' என்ற சத்திரசிகிச்சை நூலும், 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற உடலமைப்பு நூலும் தமிழில் வெளிவந்தன. பித்தப்பையை அறுத்தெடுக்கும் சிகிச்சை உலகில் எங்குமே தொடங்குவதற்கு முன்னரே, சத்திரசிகிச்சையைத் தமிழில் கற்கக்கூடிய நிலை ஈழத்தில் இருந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பித்தப்பையை முதன்முதல் முழுமையாக நீக்கியவர் ஜேர்மனிய வைத்தியர் கார்ல் லாங்கன்புக். பேர்லின் நகரில் 1882ஆம் ஆண்டு ஜூலை மாதம் 15ஆந் திகதி அது நடைபெற்றது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக் காலம் வலது விலாவின் கீழ் நீண்ட வெட்டொன்று இட்டே பித்தப்பை எடுக்கப்பட்டது. வெட்டுப் பெரிது, நோவும் பெரிது, ஆனால் வைத்தியரின் கண் நேரே பார்த்தது, கை நேரே தொட்டது.

1985ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஜேர்மனியைச் சேர்ந்த எறிக் மூயே என்ற வைத்தியர் சிறு துவாரத்தின் வழியாகக் குழாய்க் கருவியைச் செலுத்திப் பித்தப்பையை எடுத்தார். அவருடைய நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் முதலில் அதனை ஏற்கவில்லை. பின்னர் 1992இல் அவர்களது சங்கமே அவருக்கு விருதளித்துச் சிறப்பித்தது. 1987இல் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் பிலிப் மூரே என்பவர் கமராவின் துணையோடு திரையைப் பார்த்து இச்சிகிச்சையைச் செய்தார். 1990இல் பம்பாயின் ஜே. ஜே. மருத்துவமனையில் தெஹெம்தன் உட்வாடியா இதனை இந்தியாவிற் செய்து காட்டினார். தொடர்ந்துவந்த ஆண்டுகளில் கோயம்புத்தூர் வைத்தியர் சி. பழனிவேலு போன்றோர் தமிழ்நாட்டில் இம்முறையைப் பரப்பிப் பலரைப் பயிற்றினர். ஒரு தலைமுறைக்குள் உலகெங்கும் இதுவே வழமையான முறையாகிவிட்டது.

இம்முறையில் வயிற்றின்மேல் பொதுவாக நான்கு சிறு துவாரங்கள் இடப்படுகின்றன. அவை ஐந்து முதல் பத்து மில்லிமீற்றர் வரையானவை. அவற்றுள் ஒன்றின் வழியாகக் காபனீரொட்சைட்டு வாயு செலுத்தப்பட்டு வயிறு கூடாரம்போல் உயர்த்தப்படுகிறது. தொப்புளருகே ஒரு கமரா நுழைகிறது. மற்றைத் துவாரங்களின் வழியாக நீண்ட மெல்லிய கருவிகள் செல்கின்றன. நிபுணர் நோயாளியின் வயிற்றைப் பார்ப்பதில்லை. எதிரேயுள்ள திரையைப் பார்க்கிறார். திரையிலே உறுப்புகள் பெருப்பித்துத் தெளிவாகத் தோன்றுகின்றன. ஆயினும் இரண்டு குறைகள் உள்ளன. சாதாரணத் திரையில் ஆழம் தெரிவதில்லை. விரலால் தடவி அறியும் வாய்ப்பும் இல்லை. கையின் வேலையைக் கண்ணே ஏற்க வேண்டியிருக்கிறது.

இம்மாற்றத்துக்கு மருத்துவ உலகம் ஒரு விலை கொடுத்தது. திறந்த முறையில் ஆயிரம் நோயாளரில் ஒருவருக்கோ இருவருக்கோ பெருங்கான் காயமுற்றது. சாவித்துவார முறை பரவிய காலத்தில் அத்தொகை ஏறி, ஆயிரத்துக்கு ஏறத்தாழ இருவர் முதல் ஐவர் வரை என்று கணிக்கப்பட்டது. ஆயிரத்தில் மூவர் என்பது சிறு தொகையாகத் தோன்றலாம். அந்த மூவருள் ஒருவர் தம் வீட்டவரானால் அது சிறிதாகத் தோன்றாது.

பெருங்கான் காயமுற்றவரின் துன்பத்துக்கு உலகறிந்த சாட்சியாக விளங்குபவர் பிரித்தானியப் பிரதமராயிருந்த சேர் அந்தனி ஈடன். அவர் வெளிநாட்டமைச்சராயிருந்த காலத்தில், 1953ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆந் திகதி, இலண்டனில் அவருடைய பித்தப்பை திறந்த முறையில் நீக்கப்பட்டது. அப்பொழுது பித்தக்கான் காயமுற்றது. அம்மாத முடிவில் மீண்டும் ஒரு சத்திரசிகிச்சை நடைபெற்றது. ஜூன் மாதத்தில் அவர் கடல் கடந்து அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்குச் சென்று, ரிச்சர்ட் கட்டெல் என்ற நிபுணரிடம் மூன்றாம் முறை சிகிச்சை பெற்றார். 1955இல் பிரதமரானார். 1956 ஒக்டோபரில், சுயஸ் கால்வாய் நெருக்கடி முற்றிய வேளையில், பித்தக்கானில் ஏற்பட்ட அழற்சியால் அவருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. கால்வாய் மூடப்பட்டு, ஐரோப்பாவுக்கும் கொழும்புக்கும் இடையே ஓடும் கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றிவர நேர்ந்த அந்நாள்களிலே, அம்முடிவுகளை எடுத்த தலைவர் ஒரு சிறு குழாயின் தழும்பினால் துன்புற்றுக்கொண்டிருந்தார். 1957 ஜனவரியில் உடல்நிலையைக் காரணங்காட்டிப் பதவி துறந்தார். அதே ஆண்டில் மறுபடியும் சத்திரசிகிச்சை வேண்டியதாயிற்று. உலகின் சிறந்த வைத்தியர்களை அணுகக்கூடிய ஒருவருக்கே இந்நிலையாயின், சாதாரணக் குடும்பத்தவர் படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

இக்காயம் ஏன் நேர்கிறது? கைத்திறன் குறைந்த வைத்தியராலா, கவனமற்றவராலா? பொதுமக்களின் எண்ணம் அவ்வாறே செல்லும். ஆனால் அமெரிக்க நிபுணர் லோறன்ஸ் வேயும் அவருடைய குழுவினரும் இவ்வாறான 252 காயங்களை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட முடிவு வேறானது. நூற்றுக்கு 97 பங்கில் முதற்காரணம் கண்மயக்கமே. கைத்திறனிற் குறை காணப்பட்டவை நூற்றுக்கு 3 பங்கு மாத்திரமே என்று அவர்கள் கண்டனர். அறுத்தவருக்குத் தாம் அறுப்பது சிறுகான் என்பதில் ஐயமே எழவில்லை. கயிற்றைப் பாம்பென்று கண்டு அஞ்சியவனுக்கு அருகில் நின்று காட்டுவோர் உண்டு. பாம்பைக் கயிறென்று கண்டு பற்றுபவனுக்கு அச்சமே தோன்றுவதில்லை.

இம்மயக்கம் தோன்றும் விதம் இது. பித்தப்பையின் கழுத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால், அதனோடு சிறுகானும், சிறுகானோடு மெல்லிய பெருங்கானும் சேர்ந்து இழுபடும். கோணமாகச் சந்திக்க வேண்டிய இரு குழாய்களும் நேர்கோட்டில் வந்து, பைக்குள் நுழையும் ஒரே குழாய்போலத் தோன்றும். அழற்சியால் திசுக்கள் தடித்து ஒட்டியிருந்தால் இத்தோற்றம் இன்னும் வலுக்கும். ஒருமுறை "இதுவே சிறுகான்" என்று மனம் தீர்மானித்துவிட்டால், அதன்பின் காண்பன யாவற்றையும் அத்தீர்மானத்துக்குச் சாட்சியாகவே மனம் கொள்ளும். இழுக்க இழுக்க வேலி அரங்குகிறது. பார்ப்பவரோ வேலியையே எல்லை என்று நம்புகிறார்.

ஆகவேதான் அசையாத கற்களைத் தேட வேண்டியுள்ளது. அவுஸ்திரேலிய நிபுணர் தோமஸ் ஹியூ, விமானிகளிடமிருந்து சத்திரசிகிச்சை நிபுணர்கள் கற்கத்தக்கது உண்டு என்று 2002இல் எடுத்துக்காட்டினார். மேகத்தினுள் பறக்கும் விமானி தன் உணர்வை நம்பினால் திசை தவறுவான்; நிலையான குறிகளைக் கொண்டே தன் இடத்தைச் சரிபார்க்க வேண்டும். அவ்வாறே நிபுணரும் கத்தியைத் தொடுமுன் தாம் நிற்கும் இடத்தைச் சரிபார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து.

அக்குறிகளுள் முதன்மையானது ஈரலின் அடிப்புறத்தில், வலது பக்கத்தில் காணப்படும் ஒரு சிறு பிளவு. பிரெஞ்சு உடலமைப்பறிஞர் ஹென்றி ரூவியேர் 1924இல் அதனை விவரித்தமையால் அது ரூவியேர் பிளவு எனப்படுகிறது. எல்லா ஈரல்களிலும் அது தெளிவாக இராது; பெரும்பாலானவற்றில் இருக்கும். பெருங்கான் இப்பிளவின் மட்டத்துக்குக் கீழேயே செல்கிறது. சிறுகானும் பித்தப்பைக்குரிய நாடியும் அதற்கு மேலே உள்ளன. பையை எப்படி இழுத்தாலும் ஈரலின் பிளவு இடம் மாறுவதில்லை. ஆதலால் இதுவே உண்மையான எல்லைக் கல்.

இரண்டாவது குறி ஈரலின் இடப்பக்கத்தில் உள்ளது. தாயின் வயிற்றில் இருந்தபோது தொப்புட்கொடியின் வழியாக வந்த இரத்தக்குழாய், பிறந்தபின் ஒரு நாராகச் சுருங்கி ஈரலினுள் நுழையும் பிளவு அது. முதற் பிளவிலிருந்து இப்பிளவை நோக்கி, ஈரலின் நான்காம் பகுதியின் அடியோரமாக மனத்தில் ஒரு கோடு வரைந்தால், அக்கோட்டுக்கு மேலே நிற்பவர் பாதுகாப்பான நிலத்தில் நிற்கிறார். கீழே இறங்குபவர் பிறர் காணியிற் கால் வைக்கிறார். இவற்றோடு முன்சிறுகுடல் எங்கே உள்ளது, ஈரலுக்குச் செல்லும் நாடியின் துடிப்பு எங்கே தெரிகிறது என்பனவும் பார்க்கப்படும். பித்தப்பையின் கழுத்தருகே சாதாரணமாக ஒரு சிறு நிணநீர்க் கணு இருக்கும். அக்கணுவைத் தாண்டிப் பெருங்கானின் பக்கம் செல்லாது, பித்தப்பையின் பக்கமாகவே வேலை செய்தல் மற்றொரு காப்பு.

சிறுகான், ஈரலிலிருந்து வரும் பெருங்கான், ஈரலின் அடி ஆகிய மூன்றுக்கும் இடைப்பட்ட முக்கோண நிலமே வேலை நடைபெறும் களம். பிரெஞ்சு வைத்தியர் பிரான்சுவா கலோ 1891இல் இவ்விடத்து முக்கோணமொன்றை விவரித்தார். பித்தப்பையின் நாடியை அவர் ஓர் எல்லையாகக் கொண்டார். இன்று அதற்குப் பதிலாக ஈரலின் அடி எல்லையாகக் கொள்ளப்படுகிறது. இயற்கை எல்லா மனிதரையும் ஒரே அச்சில் வார்ப்பதில்லை. சிலருக்குச் சிறுகான் மிகக் குறுகியது; சிலருக்கு அது பெருங்கானோடு ஒட்டியே நெடுந்தூரம் செல்லும்; சிலருக்கு ஈரலின் வலப்பக்க நாடி வளைந்து பித்தப்பையை அணுகி நிற்கும். நூலிற் கண்ட படத்தை நம்பி அறுப்பதற்கு இங்கு இடமில்லை. ஒவ்வொரு நோயாளியின் உடலிலும் புதிதாகப் பார்த்தே அறிய வேண்டும்.

அவ்வாறு பார்த்தறிதற்கு ஒரு நெறியை அமெரிக்க நிபுணர் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பேர்க் தம் துணைவர்களோடு 1995இல் வகுத்தார். மூன்று நிபந்தனைகளும் நிறைவேறிய பின்னரே எதனையும் அறுக்கலாம் என்பது அந்நெறி. முதலாவது, முக்கோணத்திலுள்ள கொழுப்பும் நாரும் நீக்கப்பட்டு அந்நிலம் வெளிப்பட வேண்டும். இரண்டாவது, பித்தப்பையின் கீழ் மூன்றிலொரு பங்கு ஈரலிலிருந்து பிரிக்கப்பட்டு, அதன் பின்னாலுள்ள ஈரற்படுக்கை கண்ணுக்குத் தெரிய வேண்டும். மூன்றாவது, பித்தப்பையினுள் நுழைவன இரண்டே இரண்டு என்பது முன்னிருந்து பார்க்கினும் பின்னிருந்து பார்க்கினும் உறுதிப்பட வேண்டும். அவ்விரண்டுள் ஒன்று சிறுகான்; மற்றையது நாடி. மூன்றும் கண்டபின் ஒரு கணம் கையை நிறுத்தி, உதவியாளருக்கும் காட்டி, "மூன்றும் தெரிகின்றனவா?" என்று கேட்பது இப்பொழுது நல்ல வழக்கமாகப் போற்றப்படுகிறது. தவறான எண்ணத்திற் சிக்கியவரைத் திருத்துவது அருகில் நிற்பவரின் கண்ணே. ஆதலால், ஐயம் தோன்றினால் இளைய வைத்தியரும் தாதியும் வாய்திறந்து சொல்லத்தக்க சூழல் அக்கூடத்தில் இருத்தல் வேண்டும். மாணவர் பயிலும் வைத்தியசாலையிலே இது இரட்டிப்பு முக்கியம் பெறுகிறது.

இந்நெறியின் சிறப்பு, அது "அறு" என்று சொல்வதைவிட "அறுக்காதே" என்று சொல்வதிலேயே உள்ளது. மூன்றும் தெரியாவிடின் என் செய்வது? பல வழிகள் உண்டு. சிறுகானினுள் மருந்து செலுத்தி எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தால் கான்களின் போக்குத் தெரியும். ஆர்ஜென்டீன வைத்தியர் பப்லோ மிரிசி 1931இல் காட்டிய வழி இது. நாளத்தில் ஏற்றும் பச்சைச் சாயமொன்றை விசேட ஒளியிற் பார்க்கும் கமராவின் மூலம் கான்களை ஒளிரச் செய்து காணும் வசதியும் இப்பொழுது வந்துள்ளது. அனுபவம் மிக்க இன்னொரு நிபுணரை அழைத்துக் காட்டலாம். வயிற்றைத் திறந்து பழைய முறைக்கு மாறலாம். அழற்சி மிகுந்து எதுவும் பிரித்தறிய முடியாவிடின், முக்கோணத்தினுள் இறங்காமலே பித்தப்பையின் பெரும்பகுதியை மாத்திரம் நீக்கி, கற்களை எடுத்து, கழுத்துப் பகுதியை விட்டுவிடலாம். அதனால் சில நாள்கள் பித்தம் கசிந்து குழாய் வழியாக வெளிவரக்கூடும். பிற்காலத்தில் சிலருக்கு எஞ்சிய பகுதியில் கல் தோன்றவும் கூடும். ஆயினும் பெருங்கானை இழப்பதோடு ஒப்பிட்டால் இவை மிகச் சிறிய தொல்லைகள்.

இங்கேதான் நோயாளரின் மனநிலையும் பாதுகாப்பின் ஒரு பங்காகிறது. ஒரு வாட்டிலே நடக்கக்கூடிய உரையாடலை எண்ணிப் பார்க்கலாம். மறுநாள் சிகிச்சைக்குக் காத்திருக்கும் தாயிடம் வைத்தியர் ஒப்புதற் பத்திரத்தைக் காட்டி, "அம்மா, சின்னத் துவாரங்கள் போட்டுத்தான் செய்யப்போகிறோம். ஆனால் உள்ளே தெளிவாகத் தெரியாவிட்டால் பெரிய வெட்டுப் போட வேண்டி வரலாம்" என்கிறார். தாய் சற்றே திகைத்து, "அது கை தவறிப் போனால்தானே, டொக்டர்?" என்று வினவுகிறார். "இல்லை அம்மா, கை தவறாமல் இருப்பதற்குத்தான்" என்பது வைத்தியரின் விடை. இவ்விடையை அத்தாய் மாத்திரமன்றி, வெளியே காத்து நிற்கும் கணவரும் மக்களும் விளங்கிக்கொண்டார்களாயின், நிபுணரின் மனத்திலுள்ள ஒரு பாரம் நீங்கும். "சின்னத் துவாரம் என்று சொல்லிவிட்டுப் பெரிதாக வெட்டிவிட்டார்கள்" என்ற பழிச்சொல்லுக்கு அஞ்சி, தெரியாத இடத்தில் ஒருவர் மேலும் ஓரடி வைப்பாராயின், அந்த ஓரடியிலேயே விபத்து நேரக்கூடும்.

நோயாளர் கையிலுள்ள காரியங்கள் வேறும் உண்டு. கல் இருந்தும் நோவு முதலிய தொல்லை எதுவும் இல்லாதவர்க்குப் பொதுவாகச் சத்திரசிகிச்சை வேண்டுவதில்லை. ஆனால் நோவு தொடங்கி, வைத்தியர் சிகிச்சை வேண்டும் என்று சொன்ன பின்னர், கலியாணம், திருவிழா, பிள்ளையின் பரீட்சை என்று ஆண்டுக்கணக்கில் ஒத்திப்போடுதல் நன்றன்று. பித்தப்பை அழற்சியுறுந்தோறும் தழும்பு வளர்கிறது; தழும்பு வளருந்தோறும் எல்லைக் கற்கள் மூடப்படுகின்றன. காலத்தோடு வந்தவரின் வயிற்றில் எளிதாகத் தெரிவது, காலந்தாழ்த்தி வந்தவரின் வயிற்றிலே தேடியும் அகப்படாது. ஒப்புதற் பத்திரத்தின் மொழி விளங்காவிடின், விளங்கும் மொழியிற் சொல்லுமாறு கேட்டறிந்த பின்னர் கையொப்பமிடுதல் வேண்டும். முன்னர் வயிற்றிற் செய்த சத்திரசிகிச்சை, முன்பு வந்த செங்கண்மாரி, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை மறையாது கூறுதல் வேண்டும்.

வீடு திரும்பிய பின்பும் சில நாள்கள் விழிப்பாயிருத்தல் அவசியம். சாவித்துவாரச் சிகிச்சை பெற்றவர் நாளுக்கு நாள் தேறி வர வேண்டும். அதற்கு மாறாக வயிற்று நோவு கூடினாலும், வயிறு உப்பினாலும், காய்ச்சலோ விடாத வாந்தியோ கண்டாலும், கண்ணும் தோலும் மஞ்சளித்தாலும், சிறுநீர் கறுத்து மலம் வெளுத்தாலும், "வாயுதான், இஞ்சி குடித்தால் சரியாகிவிடும்" என்று வீட்டில் வைத்திருத்தல் ஆகாது. உடனே சிகிச்சை பெற்ற வைத்தியசாலைக்கே திரும்ப வேண்டும். நடக்க இயலாதவர்க்கு 1990 என்ற எண்ணை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் சேவை உண்டு. கான் காயமுற்றிருப்பினும், காலத்தோடு அறியப்பட்டு, அத்துறையிற் பயின்ற நிபுணரின் கையிற் சேர்ந்தால், குடலின் ஒரு பகுதியை மேலே கொணர்ந்து பித்தக்கானோடு இணைத்து வழி அமைக்க முடியும். பெரும்பாலோர் நலமடைகின்றனர். காலம் கடந்தால், காயத்தோடு நஞ்சும் சேர்கிறது.

நல்ல சத்திரசிகிச்சை நிபுணர் யார் என்ற கேள்விக்கு, விரைவாகச் செய்து முடிப்பவர், வெட்டே தெரியாமற் செய்பவர் என்று விடை கூறும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. பித்தப்பையைப் பொறுத்தவரையில் விடை வேறு. எல்லைக் கல்லைக் காணும்வரை பொறுத்திருப்பவரும், காணாதபோது "இன்று இவ்வளவே" என்று கையை நிறுத்தும் மனத்திண்மை உள்ளவருமே அப்பெயருக்கு உரியவர். சத்திரசிகிச்சைக்கூடத்திலிருந்து வெளியே வந்து, "கல்லை எடுத்துவிட்டோம், பையின் அடியை மாத்திரம் விட்டுவிட்டோம், அதுவே அம்மாவுக்குப் பாதுகாப்பு" என்று ஒரு வைத்தியர் கூறுவாராயின், காத்து நின்ற உறவினர் அதனைக் குறையாகக் கொள்ளாது, நன்றியோடு கேட்டுக்கொள்ளுதல் தகும். வேலியை நம்பாது கல்லைத் தேடிய ஒருவரிடமே தம் அன்னையை ஒப்படைத்திருந்தார்கள் என்பதற்கு அச்சொல்லே சாட்சி.